காலியாக இருந்த பெயர்

தி.நகரில் உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், ஜவுளிக் கடை ஒன்றின் கிடங்குக்கு மேலே எங்கள் அலுவலகம் இருந்தது. படியேறும்போதே புதுத் துணியின் கஞ்சி வாசனை வரும். மேலே சில கம்ப்யூட்டர்கள், ஒரு டெலிபோன், ஒரு மோடம். அந்த மோடத்தை எங்கள் முதலாளி ஒவ்வொரு மாலையும் கழற்றி, மஞ்சள் பையில் போட்டு, மயிலாப்பூரில் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார். மறுநாள் காலையில் டிபன் டப்பாவோடு அதே பையில் வைத்துக் கொண்டுவந்து மாட்டுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எதற்கு என்று கேட்டேன்.

"ஆபீஸுக்கு ரெண்டு சாவி இருக்கு. ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு கீழே கிடங்குக்காரன்கிட்ட" என்றார். அதற்கு மேல் விளக்கம் இல்லை.

அவர் ஒரு கல்லூரியில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலமெல்லாம் வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வெளியே போகிறவர்களின் பையையும் சட்டைக்குள் தெரியும் மேட்டையும் கவனித்தவர். ஓய்வுக்குப் பிறகும் அந்தப் பார்வை போகவில்லை. நாம் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாலும் கண் கூடவே வந்துவிட்டுத் திரும்பும்.

அவர் தொடங்கிய தொழில் அவருக்கு நன்றாகத் தெரிந்த தொழில்தான். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருந்த சின்னச் சின்ன நூலகங்களில் புத்தக விவரம் இன்னும் இழுப்பறைகளில் அட்டை அட்டையாக இருந்தது. அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அங்கே ஆள் வைத்துச் செய்தால் கட்டுப்படியாகாது. நகல் எடுத்து எங்களுக்கு அனுப்பினால் நாங்கள் தட்டச்சு செய்து அனுப்புவோம். தட்டச்சுக்குப் பெண்கள் இருந்தார்கள். உள்ளூர்க் கல்லூரி ஒன்றின் பட்டியலை அப்போது அடித்துக்கொண்டிருந்தார்கள். என் வேலை வேறு. நான் ஆங்கில இலக்கியம் படித்தவள். எங்களைக் கேள்விப்பட்டே இராத வெளிநாட்டு நூலகர்களுக்கு ஈ-மெயில் எழுதி வேலை கேட்பதற்காக என்னை எடுத்திருந்தார்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. ஈ-மெயில் என்றாலே பாதிப் பேருக்குப் புதிது. அரசாங்க இன்டர்நெட் இணைப்புதான் ஒரே வழி. டயல் செய்தால் மோடம் கத்தும், இரைக்கும், பாதி நேரம் துண்டித்துவிடும். கிடைத்த நேரத்தில் ஒவ்வொரு நூலகத்தின் பக்கத்தையும் திறந்து, அங்கே இருக்கும் முகவரியை எடுத்து, அந்த ஆளின் பெயரைப் போட்டுக் கடிதம் எழுதுவேன். எங்கள் முகவரி, எல்லோருக்கும் பொதுவான அந்த அரசாங்க முகவரிதான். @ குறிக்கு முன்னால் அவர்களே கொடுத்த அர்த்தமில்லாத நாலைந்து எழுத்துகள்.

வந்த பதில்கள் பெரும்பாலும் சந்தேகப் பதில்கள். என் முகவரியை யார் கொடுத்தது என்று ஒருவர். இது மோசடியா என்று நேராகவே ஒருவர். ஓர் அம்மாள் மட்டும் நிதானமாகக் கேட்டிருந்தார். நீங்கள் ஒரு நிறுவனம் என்றால் உங்களுக்கென்று சொந்த முகவரி ஏன் இல்லை? முகவரி இல்லாதவரிடம் நூலகத்தின் அட்டைகளை எப்படி ஒப்படைப்பது? அது நியாயமான கேள்வி என்று எனக்குப் பட்டது. என் முதலாளிக்கோ, அதைக் கேட்டவர் போட்டிக் கம்பெனியின் ஆளாக இருக்கலாம் என்று பட்டது.

அப்புறம் ஒரு காலை இணைப்பே திறக்கவில்லை. என் கடிதம் கிடைத்த யாரோ புகார் செய்துவிட்டார்கள். முதலாளி அந்த அரசாங்க அலுவலகத்துக்கு நேரில் போய், இனி இப்படி நடக்காது என்று எழுதிக் கொடுத்து, கணக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தார். வரும் வழியெல்லாம் யார் புகார் செய்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே வந்திருக்கிறார். அசோக் நகரில் இதே மாதிரி தட்டச்சு வேலை செய்யும் ஒருவர்தான் என்று அவருக்கு நிச்சயமாகியிருந்தது. புகார் கொடுத்தது ஒரு வெளிநாட்டுக்காரர் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "வெளிநாட்டுக்காரனுக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு?" என்றார்.

இந்த நிலையில்தான் அடையாறிலிருந்து டெக்னீஷியன் வந்தார். வீடு வீடாக இலவசமாகப் போடும் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த விளம்பரத்தைப் பார்த்து முதலாளியே கூப்பிட்டது. முப்பது வயதுக்குள் இருக்கும். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் வியாபாரம். இவர் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, அடையாறில் ஒரு மாடி அறையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். கழுத்தில் சிலுவை. நிறையப் பேசுவார். பேசும்போது நாற்காலியைப் பின்னால் சாய்த்து ஆட்டிக்கொண்டே இருப்பார். அது முதலாளிக்குப் பிடிக்கவில்லை.

சொந்தப் பெயரில் முகவரி வைத்துக்கொள்வதற்கு டொமைன் என்று பெயர் என்றும், அமெரிக்காவில் அதைப் பதிவு செய்யும் ஒரு கம்பெனி இருக்கிறது என்றும், ஈ-மெயிலிலேயே விண்ணப்பிக்கலாம், முதலில் கேட்பவருக்கே கிடைக்கும் என்றும் அவர்தான் எங்களுக்கு விளக்கினார். பிறகு இன்னொன்று சொன்னார்.

"சார், ரெண்டு பேரா வாங்கிக்கோங்க. ஒண்ணு வீட்டுக்கு, ஒண்ணு ரோட்டுக்கு. தெரியாத ஆளுங்களுக்கு மெயில் போட்டா எவனாவது கம்ப்ளெய்ன்ட் குடுக்கத்தான் செய்வான். அப்ப ரோட்டுக்குப் போட்ட செருப்புதான் அறும். வீட்டுச் செருப்பு பத்திரமா கீது பாருங்க."

எனக்கு அது சரியாகப் பட்டது. ஒரு புகாரில் கணக்கே முடங்கியதைப் பார்த்த பிறகு, கம்பெனியின் நிஜப் பெயரை முன்பின் தெரியாதவர்களின் கோபத்துக்கு முன்னால் கொண்டு வைக்க வேண்டாம் என்று தோன்றியது. வேலை தேடும் கடிதங்கள் ஒரு பெயரிலிருந்து போகட்டும், வேலை கொடுத்தவர்களோடு பேசுவது இன்னொரு பெயரில் நடக்கட்டும். டெக்னீஷியன் படியிறங்கிய சத்தம் அடங்கியதும் முதலாளி, "ஒண்ணு விக்க வந்தவன் ரெண்டு விக்கப் பார்க்கறான்" என்றார்.

முதல் பெயரைத் தேர்ந்தெடுக்க மூன்று பேரும் உட்கார்ந்தோம். முதலாளி தன் குலதெய்வத்தின் பெயரைச் சொன்னார். அதை ஒரு அமெரிக்கன் எழுத்துப் பிழை இல்லாமல் அடிக்க முடியாது என்று டெக்னீஷியன் சிரித்தார். முதலாளி வேலை பார்த்த கல்லூரியின் சுருக்கப் பெயரை ஏற்கெனவே யாரோ எடுத்திருந்தார்கள். இந்தியா என்ற சொல் இருக்க வேண்டும் என்று முதலாளி ஆசைப்பட்டார். எனக்கு அதில் தயக்கம். இடத்தை மறைக்க வேண்டும் என்பதில்லை. கடிதத்தின் அடியில் தி.நகர் முகவரி முழுசாக இருக்கத்தான் போகிறது. ஆனால், அறிமுகமில்லாத கடிதம் வந்தால் ஒருவர் முதலில் பார்ப்பது அனுப்பியவரின் பெயரைத்தான். அங்கே நாங்கள் என்ன வேலை செய்கிறோம் என்று தெரிந்தால் திறப்பார். எந்த ஊர் என்பது மட்டும் தெரிந்தால் மூடிவிடுவார். போனில் ஒரு முறை சொன்னால் எழுதிக்கொள்ளும்படியும் இருக்க வேண்டும், எண்கள் கூடாது என்றேன்.

பிறகு நூலக அட்டையைக் குறிக்கும் ஒரு ஆங்கிலச் சொல்லையும் அலமாரியைக் குறிக்கும் ஒரு சொல்லையும் இடைவெளி இல்லாமல் ஒட்டி எழுதிக் காட்டினேன். அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இப்போது அது வேறு யாருடையதோ.

முதலாளி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து இன்னொரு முறை படித்தார். பிடித்திருந்தது. டெக்னீஷியன் அதை அடித்துப் பார்த்தார். அப்படி ஒரு பெயர் பதிவில் இல்லை, காலியாக இருக்கிறது என்று வந்தது. இப்போதே விண்ணப்பத்தை அனுப்பிவிடலாம் என்றார். அன்று வெள்ளிக்கிழமை. முதலாளி நாட்காட்டியைப் பார்த்தார். மாலையோடு அஷ்டமி ஆரம்பம், அப்புறம் நவமி, திங்கட்கிழமை அனுப்பலாம் என்றார். டெக்னீஷியன் என்னைப் பார்த்தார்.

டெக்னீஷியன் அந்தப் பெயரை மறக்காமல் இருக்க இடது உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார். முதலாளி அதைக் கவனித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போகச் சொன்னார். டெக்னீஷியன் வேடிக்கை என்று நினைத்தார். முதலாளி நகராமல் நிற்பதைக் கண்டதும் போய்க் குழாயில் கழுவினார். நாங்கள் இருவரும் அந்தப் பெயரை வீட்டிலோ வெளியிலோ போனிலோ வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று எங்களுக்கு உத்தரவு.

திங்கட்கிழமை விண்ணப்பம் போனது. மறுநாள் காலை மறுப்பு வந்தது. பெயர் ஏற்கெனவே பதிவாகிவிட்டது. டெக்னீஷியன் விவரத்தைத் திறந்து காட்டினார். சனிக்கிழமை தேதி போட்டிருந்தது. எடுத்தவர் ஓர் ஆண். பெயரைப் பார்த்தால் தமிழராகத்தான் இருக்க வேண்டும். ஊர் கலிபோர்னியாவில்.

உலகத்தில் யாரும் நினைத்திராத ஒரு பெயரை வெள்ளிக்கிழமை மூன்று பேர் நினைத்தோம். சனிக்கிழமை அதை நான்காவதாக ஒருவர் எடுத்திருக்கிறார். எப்படித் திருப்பிப் பார்த்தாலும் கணக்கு எங்கள் மூவரிடமே வந்து நின்றது. முதலாளி டெக்னீஷியனை அனுப்பினார். பெண்கள் சாப்பிடப் போகும்வரை காத்திருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"உங்க அக்கா எந்த ஊர்ல இருக்கா?"

அக்கா கலிபோர்னியாவில் இருப்பது நேர்முகத்தில் அவரே கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். மறுபடியும் சொன்னேன். அந்த ஊருக்கும் பெயரை எடுத்தவரின் ஊருக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டார். தெரியாது என்றேன். உண்மையில் தெரியும். அக்கா காய்கறி வாங்கப் போவதாக எழுதும் ஊர் அது.

"அத்திம்பேர் கம்ப்யூட்டர்லதானே இருக்கார்?"

"ஆமா சார்."

"ம்" என்றார்.

அந்த "ம்" மாலைவரை என்னோடு இருந்தது. மறுநாள் வந்தபோது என் மேஜை திருப்பிப் போடப்பட்டிருந்தது. அதுவரை என் திரை சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். இப்போது அவர் நாற்காலியைப் பார்த்தது. இன்டர்நெட்டின் கடவுச்சொல் மாறியிருந்தது. அதை அவரே வந்து ஒரு விரலால் அடிப்பார். அடிக்கும்போது என்னை ஜன்னல் பக்கம் பார்க்கச் சொல்வார். தட்டச்சுப் பெண்கள் என்னிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். அவர்களிடம் என்ன சொன்னாரோ தெரியாது.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீடு. மாலையில் ரயில் நிலைய நடைபாலத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நசுங்கிக்கொண்டு போகும்போது நான் யோசித்தது ஒன்றுதான். நான் யாரிடமும் சொல்லவில்லை. நிச்சயமாகச் சொல்லவில்லையா? வெள்ளிக்கிழமை இரவு சாப்பிடும்போது ஒரு நல்ல பெயர் கண்டுபிடித்தேன் என்று அம்மாவிடம் பெருமை அடித்துக்கொண்ட ஞாபகம் வந்தது. பெயரைச் சொன்னேனா? அம்மாவைக் கேட்டேன். என்னமோ இங்கிலீஷில் சொன்னாய், எனக்கு என்ன புரிந்தது என்றாள். அந்த வாரம் அக்காவுக்குப் போன் செய்தாயா என்று கேட்டேன். தான் செய்யவில்லை, அக்காதான் செய்தாள் என்றாள். அக்காவுக்கு ஐ.எஸ்.டி. போட்டு, சுற்றி வளைத்து, உங்கள் பக்கத்து ஊரில் இப்படி ஒரு ஆள் உண்டா, அத்திம்பேருக்குத் தெரிந்தவரா என்று விசாரித்தேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும், "நீ எங்களைச் சந்தேகப்படறயா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள். அப்புறம் வெகுநாள் அவளிடமிருந்து கடிதம் இல்லை.

அக்கா இல்லை, நான் இல்லை என்றால் டெக்னீஷியன்தான் என்று முடிவுக்கு வந்தேன். கையைக் கழுவினாலும் மனசில் இருப்பதைக் கழுவ முடியாது. தேனாம்பேட்டையில் ஒரு டிராவல்ஸ் கம்பெனிக்கு அவர் பதிவு செய்து கொடுத்த டொமைன் அவர் பெயரிலேயே இருந்ததும், அவர்கள் வேறு ஆளிடம் போகப் பார்த்தபோதுதான் அது தெரிந்ததும் எனக்கு ஞாபகம் வந்தது. அதை எங்களிடம் சொன்னதே அவர்தான், சிரித்துக்கொண்டே.

அந்த வாரக் கடைசியில் அவர் என்னைப் போனில் கூப்பிட்டு, ஒரு விஷயம் காட்ட வேண்டும், சாரிடம் சொல்லாமல் வாருங்கள் என்றார். சாரிடம் சொல்லாமல் என்றதே எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் போனேன். அடையாறில் அந்த மாடி அறை முழுக்கத் திறந்துபோட்ட கம்ப்யூட்டர்களும் வயர்களும். உட்கார இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டு அவர் ஆரம்பித்தார்.

"உங்க சாருக்கு என் மேல டவுட்டு. உங்களுக்கும் என் மேலதான் டவுட்டு, மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது. எனக்கு இன்னா தோணுதுன்னு சொல்லட்டா? எனக்கு உங்க சார் மேலயே டவுட்டு மேடம்."

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். நான் தேர்ந்தெடுத்த அதே பெயர். இரண்டு சொற்களுக்கும் நடுவில் ஒரு சின்னக் கோடு. பதிவாகியிருந்தது. பதிவு செய்தவர் இவரே. முதல் பெயர் போய்விட்டது என்று தெரிந்த அன்றைக்கே எடுத்திருக்கிறார். யாரைக் கேட்டு எடுத்தீர்கள் என்றேன்.

"கேட்டுக்கினு இருந்தா இதுவும் பூடும் மேடம். ரோட்டுக்கு ஒண்ணு வேணும்னு நான்தானே சொன்னேன்? இதான் அது."

ஏன் எங்கள் கம்பெனி பெயரில் போடவில்லை என்று கேட்டேன். விண்ணப்பத்தில் பொறுப்பாளர் என்று ஓர் ஆளின் ஈ-மெயிலைப் போட வேண்டும், உறுதி கேட்டுக் கடிதம் வந்தால் உடனே பதில் போட வேண்டும், உங்கள் கணக்கு எந்த நேரம் முடங்கும் என்று யாருக்குத் தெரியும், அதனால் என்னுடையதைப் போட்டேன் என்றார். அது உண்மையான காரணம்தான். டிராவல்ஸ் கம்பெனிக்கும் இதே காரணத்தைத்தான் சொல்லியிருப்பார் என்றும் நினைத்துக்கொண்டேன்.

இதை மறைத்து வைக்க எனக்குத் துணிவில்லை. திங்கட்கிழமை முதலாளியிடம் சொன்னேன். அவர் டெக்னீஷியனை வரச் சொல்லி, உட்காரக்கூடச் சொல்லாமல், அந்தக் கலிபோர்னியா ஆள் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அதுவரை நீங்க என்று அழைத்தவர் அன்று நீ என்றார். டெக்னீஷியன் குரலை உயர்த்தவில்லை.

"சார், திருடணும்னா நல்ல பேரை நான் எடுத்துக்கினு, கோடு போட்டதை அவனுக்கு வுட்டிருக்க மாட்டேனா? ரெண்டுல மட்டமானதுதான் என்கிட்ட கீது. வேணும்னா நீங்களே வந்து கேளுங்க. நான் இனிமே இந்தப் படி ஏற மாட்டேன்."

அவர் போய்விட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது எனக்கு உறைத்தது. முதலாளிக்கு உறைத்ததா என்று தெரியவில்லை. மோடத்தை அன்று மதியமே கழற்றிப் பையில் வைத்துவிட்டார்.

அந்த வாரம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. முன்பின் தெரியாத ஆளுக்குக் கடிதம் எழுதுவதுதானே என் வேலை? பதிவு விவரத்தில் அந்தக் கலிபோர்னியாக்காரரின் ஈ-மெயில் முகவரி திறந்தபடியே இருந்தது. முதலாளி பின்னால் உட்கார்ந்து பார்ப்பதால் அலுவலகத்தில் முடியாது. தி.நகர் பேருந்து நிலையம் பக்கம் புதிதாக வந்திருந்த ஒரு பிரவுசிங் சென்டருக்குச் சாப்பாட்டு நேரத்தில் போய், எனக்கென்று ஓர் இலவச ஈ-மெயில் முகவரி தொடங்கினேன்.

நூலகர்களுக்கு எழுதி எழுதி எனக்கு ஒன்று பழகியிருந்தது. முதல் வரியிலேயே நான் யார், எங்கிருந்து எழுதுகிறேன், உங்கள் முகவரி எனக்கு எப்படிக் கிடைத்தது என்று சொல்லிவிட வேண்டும். அதைத்தான் முதலில் சந்தேகப்படுவார்கள். அப்படியே எழுதினேன். குற்றம் சாட்டவில்லை. நாங்கள் ஒரு சின்ன அலுவலகம், இந்தப் பெயரை வெள்ளிக்கிழமை நினைத்தோம், நீங்கள் சனிக்கிழமை எடுத்திருக்கிறீர்கள், உங்களுக்கு இது எப்படித் தோன்றியது என்று தெரிந்துகொள்ள ஆசை, உங்களுக்கு அது தேவையில்லை என்றால் எங்களுக்கு விட்டுக்கொடுக்க முடியுமா என்று கேட்டேன். கடைசியில் அலுவலக முகவரியும் போன் நம்பரும் கொடுத்தேன். இதற்கு ஒரு மரியாதைக்காரர் பதில் போடுவார், திருடன் போட மாட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

பதில் வரவில்லை. திருடன்தான் என்று முடிவு செய்யத் தொடங்கியிருந்தபோது, ஒரு நாள் சாயங்காலம், பெண்கள் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில் டெலிபோன் அடித்தது. முதலாளி எடுத்தார். அமெரிக்காவிலிருந்து அவர் மகன். ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாளில் கூப்பிடாத பிள்ளை என்பதால் அவர் பதறிவிட்டார்.

"என்னடா, உடம்பு கிடம்பு சரியா இருக்கயோ?... எந்தப் பேரு?... யாரு?" என்றவர், நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். "உன்னோட ஹாஸ்டல்ல இருந்தானே, நம்மாத்துக்கு வந்து ரசத்தைக் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டானே, அவனா? அவனுக்கு அதுதான் பேரா?"

நான் கைப்பையைத் தோளில் மாட்டியபடி அப்படியே நின்றேன். அவர் அதிகம் பேசவில்லை. கேட்டுக்கொண்டேயிருந்தார். நடுவில் ஒரே ஒரு முறை, "என்கிட்ட ஏண்டா சொல்லலை?" என்றார். போனை வைத்த பிறகு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் பார்க்காமலே சொன்னார்.

"பையன்தான்."

எங்களை வாய் திறக்க விடாத மனிதர், ஞாயிற்றுக்கிழமை காலை வழக்கமான போன் வந்தபோது, பெயர் கிடைத்த சந்தோஷத்தில் அதை மகனிடம் எழுத்து எழுத்தாகச் சொல்லியிருக்கிறார். அங்கே அப்போது சனிக்கிழமை மாலை. திங்கட்கிழமைவரை விட்டால் அலுவலகத்தில் யாராவது தங்கள் பெயரில் எழுதிக்கொண்டுவிடுவார்கள் என்று மகனுக்குச் சந்தேகம். அவன் இருந்தது வேறு மாநிலத்தில். இதிலெல்லாம் பழக்கம் உள்ள நண்பன் கலிபோர்னியாவில் இருந்தான். அவனைக் கூப்பிட்டு அன்றே எடுக்கச் சொல்லிவிட்டான். அடுத்த முறை ஊருக்கு வரும்போது கையில் கொடுக்கலாம் என்று நினைத்தானாம். என் கடிதத்தை நண்பன் அவனுக்கு அனுப்பிவைத்த பிறகுதான் இங்கே இப்படி ஒரு கலவரம் நடப்பது தெரிந்திருக்கிறது.

"சொன்னா நான் ஆபீஸ்ல வந்து உளறிடுவேனாம். அதனால சொல்லலையாம்" என்றார் முதலாளி. அவர் முகத்தில் கோபம் இல்லை. தான் பரிசோதிக்கப்பட்டுத் தோற்றுப்போனவரைப் போல உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை போனில் தானும் மகனும் பேசியது இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவர் நினைவுக்கு வரவில்லை. பிள்ளையிடம் சொன்னது வெளியில் சொன்னது ஆகாது என்று அவர் மனசு அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை போலிருக்கிறது.

மன்னிப்பு மாதிரி ஏதாவது வரும் என்று நின்றேன். வந்தது வேறு.

"நீ என்னைக் கேக்காம ஏன் எழுதினே?"

"கேட்டிருந்தா எழுத விட்டிருப்பேளா சார்?"

மறுநாள் வந்தபோது என் மேஜை பழையபடி சுவரைப் பார்த்துக் கிடந்தது. அக்காவுக்கு நான் எழுதிய நீண்ட கடிதத்துக்கு அவளும் ஒரு வழியாகப் பதில் போட்டாள்.

அடுத்த சில நாட்களில் முதலாளி என்னைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் அடையாறு போனார். டெக்னீஷியனின் மாடிப்படி செங்குத்து. கைப்பிடி இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். டெக்னீஷியன் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மகன் விஷயத்தை நான்தான் சொன்னேன். அவர் முதலில் பலமாகச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று, "அப்ப என்னைத் திருடன்னு சொன்னது?" என்று கேட்டார். முதலாளி, நான் உன்னைத் திருடன் என்று சொல்லவில்லை, கேள்விதான் கேட்டேன் என்றார். டெக்னீஷியன் தலையை ஆட்டிக்கொண்டார். கடையில் வேலை பார்த்த பையனை அனுப்பிக் கீழேயிருந்து டீ வரவழைத்தார். முதலாளி வெளியில் எதுவும் சாப்பிடாதவர். அன்று அந்த டீயைக் குடித்தார்.

கோடு போட்ட பெயரை எங்களுக்கு மாற்றிக் கொடுக்க டெக்னீஷியன் ஒப்புக்கொண்டார். பொறுப்பாளர் என்று யார் பெயரைப் போடுவது என்று கேட்டார். பெயர் யாருடையது என்று தகராறு வந்தால் அந்த ஆள் சொல்வதுதான் செல்லும். முதலாளி வெகு நேரம் யோசித்தார். தன் கணக்கு முடங்காமல் இருக்கும் என்று அவருக்கே நம்பிக்கை இல்லை. மகனைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். என்னைக் காட்டி, இவள் பேரைப் போடு என்றார். திரும்பி வரும்போது ஆட்டோவில் ஏன் சார் என்று கேட்டேன்.

"உன்னைத்தான் நான் ஏற்கெனவே முழுசா சந்தேகப்பட்டு முடிச்சுட்டேனே" என்றார்.

அதை அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

பெயர் மாறி வந்து, அமெரிக்காவில் ஒரு சர்வரோடு இணைத்து, உலகத்தின் மற்ற கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அது தெரியவரும்வரை காத்திருந்தோம். அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கடிதம் அனுப்ப ஆரம்பித்தேன். ஒரே நாளில் கொட்டாமல், ஒவ்வொருவருக்கும் அவருடைய நூலகத்தைப் பற்றி ஒரு வரியாவது சேர்த்து, வேண்டாம் என்றால் இனி எழுத மாட்டோம் என்று சொல்லி அனுப்பினேன். ஒருவர் புகார் செய்தார். அது அந்தப் பெயரோடு நின்றது. மகனின் நண்பனிடமிருந்த நல்ல பெயரும் பிறகு வந்து சேர்ந்தது. அதை நாங்கள் வெளியாட்களுக்கு எழுதப் பயன்படுத்தவே இல்லை.

முதல் வேலை, குளிர் அதிகமுள்ள ஓர் ஊரின் பாதிரியார் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வந்தது. தங்கள் நூலகத்தின் அட்டைகளில் ஓர் இழுப்பறையை மட்டும் நகல் எடுத்து அனுப்புகிறோம், செய்து காட்டுங்கள் என்று எழுதியிருந்தார்கள். முதலாளி அந்தக் கடிதத்தை அச்செடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இது அசோக் நகர்க்காரர் வைக்கும் பொறியாக இருக்கலாம் என்றார். உறை வந்து, அதற்குள் லத்தீன் தலைப்புகளோடு அட்டைகளின் நகல் இருந்ததைப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார். அந்த மழைக்காலம் முழுக்க எல்லோரும் அதைத்தான் அடித்தோம். முதல் இழுப்பறையைச் சரிபார்த்துவிட்டு மீதியையும் அனுப்பினார்கள்.

அடுத்த வருடம் எனக்கு வேறு வேலை கிடைத்து விலகினேன். கோடு போட்ட பெயரின் பொறுப்பு என்னிடமே இருந்ததை நானும் மறந்துவிட்டேன், அவரும் மறந்துவிட்டார். ஒரு நாள் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்று அந்த அமெரிக்கக் கம்பெனியிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. உடனே முதலாளிக்குப் போன் செய்து சொன்னேன்.

"உனக்கு ஏன் வந்தது?" என்று கேட்டார். நீங்கள்தானே சார் என் பேரைப் போடச் சொன்னீர்கள் என்று நினைவூட்டினேன். கடிதத்தை முழுசாகப் படித்துக் காட்டச் சொன்னார். அது நிஜமாகவே அந்தக் கம்பெனி அனுப்பியதுதானா, வேறு எவனாவது அவர்கள் பெயரில் அனுப்பியதா என்று இரண்டு முறை கேட்டார். படித்துக் காட்டினேன். அம்மா எப்படி இருக்கிறாள் என்று விசாரித்துவிட்டு வைத்தார்.

அவர் புதுப்பித்துவிட்டதாக டெக்னீஷியன் பிறகு என்னிடம் சொன்னார். அதற்கடுத்த முறை அந்த அறிவிப்பு எனக்கு வரவில்லை. யார் பெயருக்கு மாற்றினார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.